நகர அடுக்குமாடிகளில் வாழும் கனடியப் பூர்வகுடி மூத்தோர்: சமூக வாழ்வும் உணவு உதவியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோப் பகுதியிலுள்ள தமிழ்ச் சங்கங்களிலும் கோயில்களிலும் பூர்வகுடி மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு எழும்போது, அது பெரும்பாலும் உணவில் வந்து நிற்கிறது. சமைப்பதும் கொடுப்பதும் நமக்குத் தெரிந்த வேலைகள் என்பதால் அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம், அவர்களிடம் ஏற்கெனவே என்ன ஏற்பாடு இருக்கிறது, உணவு அவர்கள் வாழ்க்கையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பவை தெரியாமல் தொடங்கும் உதவி பாதி வழியில் நின்றுவிடும். அதனால், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்குரிய விடைகள் இங்கே தரப்படுகின்றன.

இங்கே பேசப்படும் மூத்தோர் யார்?

கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் முதற்குடியினர், மெட்டிஸ் (ஐரோப்பியரும் பூர்வகுடியினரும் கலந்த மரபினர்), இனுவிட் (வடதுருவப் பகுதி மக்கள்) என்னும் மூன்று பூர்வகுடிப் பிரிவினரை ஏற்கிறது. 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 18 இலட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் 5 சதவீதம். அவர்களில் சுமார் 8 இலட்சம் பேர் பெரிய நகர்ப்பகுதிகளில் வாழ்கிறார்கள். வின்னிபெக்கில் மட்டும் 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பூர்வகுடி மக்கள் என்றாலே முதற்குடியினருக்கென அரசு ஒதுக்கிய, ஒதுக்குப்புறமான ரிசர்வ் நிலத்தில் வாழ்பவர்கள் என்று நம்மில் பலர் நினைத்திருப்பதற்கும் இந்த எண்களுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. ரொறன்ரோவில் அரசுக் கணக்கு உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகிறது. அடிக்கடி முகவரி மாறுவோரும், அரசுப் படிவங்களை நம்பாதோரும் அதில் விடுபட்டுப் போகிறார்கள். அவ்வாறு நம்பாமல் இருப்பதற்கு அவர்களுக்குப் போதிய காரணமும் உண்டு.

அவர்கள் ஏன் சொந்த ஊரை விட்டு நகரத்துக்கு வந்தார்கள்?

வேலைக்காகவும் படிப்புக்காகவும் வந்தவர்கள் உண்டு. ஆனால் இன்று 70, 80 வயதில் இருக்கும் பெண்களில் பலர் சட்டத்தால் வெளியேற்றப்பட்டவர்கள். முதற்குடியினர் பற்றிய கனடியச் சட்டமான இந்தியன் சட்டத்தில் 1985 வரை இருந்த விதியின்படி, அரசுப் பதிவேட்டில் பூர்வகுடித் தகுதி இல்லாத ஆணை மணந்த முதற்குடிப் பெண் தன் தகுதியை இழந்தாள். தன் சொந்த ரிசர்வில் வாழும் உரிமையையும் அதனோடு இழந்தாள். அதே காலத்தில், தகுதியற்ற பெண்ணை மணந்த ஆண் எதையும் இழக்கவில்லை. அவன் மனைவிக்குத் தகுதி கிடைத்தது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தப் பெண்களில் பலருக்கு நகரமே வீடாகிவிட்டிருந்தது.

மருத்துவம் இன்னொரு காரணம். வடக்கு மனிற்றோபாவின் சிறு ஊரொன்றில் வாழும் முதியவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று தடவை குருதிச் சுத்திகரிப்பு தேவைப்பட்டால், அந்த வசதி ஊரில் இல்லாத நிலையில் அவர் வின்னிபெக்குக்குக் குடிபெயர வேண்டும். அதன்பின் ஊர் திரும்புவது பெரும்பாலும் நடப்பதில்லை. வெள்ளமும் காட்டுத்தீயும் கொண்டுவந்து விட்டவர்களும் உண்டு. 2011 வெள்ளத்தில் லேக் சென்ட் மார்ட்டின் முதற்குடியினர் முழு ஊராக வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகள் வின்னிபெக்கின் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கினார்கள். வயதானவர்களில் சிலர் ஊரை மறுபடி காணாமலே இறந்துபோனார்கள்.

எத்தகைய கட்டடங்களில் வாழ்கிறார்கள்?

நகரங்களில் வாழும் பூர்வகுடி மக்களுக்கு வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வீடு தர மறுத்த காலத்தில், அவர்களே தொடங்கிய இலாப நோக்கற்ற வீட்டு நிறுவனங்கள்தாம் இன்றும் முதன்மையானவை. 1970இல் வின்னிபெக்கில் தொடங்கிய கினியூ அவற்றுள் முன்னோடி. ரொறன்ரோவின் விக்வாமன் 1972இல் தோன்றியது. அந்த நிறுவனத்தின் முதியோர் அடுக்குமாடி ஸ்பதைனா வீதியில், ரொறன்ரோ நேட்டிவ் கனேடியன் சென்டருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. முதியவர் ஒருவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு சில அடி நடந்தால் மேளம், மொழி வகுப்பு, மதிய உணவு ஆகிய மூன்றும் கிடைக்கும் இடத்துக்கு வந்துவிடலாம். பனிக்காலத்தில் இந்தச் சில அடித் தூரம் எவ்வளவு பெரிய வசதி என்பதை, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட யாரும் சொல்வார்கள். வன்கூவரில் லூமா, வன்கூவர் நேட்டிவ் ஹவுசிங் சொசைட்டி போன்றவை இதே வேலையைச் செய்கின்றன.

இவை முதியோர் பராமரிப்பு இல்லங்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி வீடும் தனிச் சமையலறையும் உண்டு. வாடகை வருமானத்துக்கு ஏற்ப அமைகிறது. ஒன்ராறியோவின் மானிய வீடுகளில் அது பொதுவாகக் குடும்ப நிகர வருமானத்தின் 30 சதவீதம். அந்த வாடகையில் உணவு அடங்காது. கட்டடத்தின் பொது அறையில் நடக்கும் சமையல் எல்லாம் வேறு பணத்திலும் வேறு கைகளிலும் நடப்பது. இந்த உண்மை தெரியாததால்தான், வீடு கிடைத்தவுடன் சாப்பாடும் கிடைத்துவிட்டது என்று வெளியார் நினைக்கிறார்கள்.

பல திட்டங்களில் வயது வரம்பு 65 ஆக இல்லாமல் 55 ஆக இருப்பது ஏன்?

பூர்வகுடி மக்களின் சராசரி ஆயுள் ஏனைய கனேடியரைவிடக் குறைவு; நீரிழிவு, இதயநோய், சிறுநீரக நோய் ஆகியவை முன்னதாகவே வருகின்றன. 65 என்று வைத்தால் தேவைப்படுவோரில் பலர் அந்த வயதை எட்டும் முன்பே போய்விடுவார்கள். வீடும் மதிய உணவும் வயதைப் பார்த்துக் கிடைக்கும் என்றாலும், சமூகம் மூத்தோராக மதிக்கும் நிலை வயதால் மட்டும் வருவதில்லை. மொழியும் சடங்கும் வரலாறும் அறிந்து, பிறருக்கு வழிகாட்டும் ஒருவரைச் சமூகமே அவ்வாறு ஏற்கிறது. அவர் 60 வயதினராக இருக்கலாம்; 85 வயதான அயலவர் அந்த நிலையில் இல்லாமலும் இருக்கலாம்.

அரசு அவர்களுக்கு எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது என்கிறார்களே?

நம்மிடையே மிக அதிகமாகப் பரவியிருக்கும் தவறான எண்ணம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நகரத்தில் வாழும் பூர்வகுடி முதியவர் பெறும் மாத வருமானம் பெரும்பாலும் மற்ற முதியோர் பெறுவதே: 65 வயதில் தொடங்கும் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம், வருமானம் குறைந்தவர்களுக்கான உத்தரவாதத் துணைத்தொகை, உழைத்த காலத்துப் பங்களிப்புக்கு ஏற்ற கனடா ஓய்வூதியத் திட்டப் பணம். இந்த மூன்றாவதில்தான் பழைய அநீதி ஒன்று ஒளிந்திருக்கிறது. ரிசர்வில் வரிவிலக்குப் பெற்ற வேலை செய்தவர்களுக்கு 1988 வரை அந்தத் திட்டத்தில் பணம் கட்ட வழியே இருக்கவில்லை. இருபது ஆண்டுகள் உழைத்தவரும், ஓய்வூதியக் கணக்கில் உழைக்காதவராகவே தெரிந்தார்.

வரிவிலக்கும் ரிசர்வோடு கட்டுண்டது. நகரத்தில் வேலை செய்து சம்பளம் வாங்கும் முதற்குடியினர் நம்மைப் போலவே வருமான வரி கட்டுகிறார்கள். ஒன்ராறியோவில் பதிவுத் தகுதி உள்ளவர்களுக்கு 13 சதவீத விற்பனை வரியில் மாகாணத்தின் 8 சதவீதம் கடையிலேயே விலக்கப்படும்; ஆனால் அரிசிக்கும் காய்கறிக்கும் யாருமே வரி கட்டுவதில்லை என்பதால் சாப்பாட்டுச் செலவில் அது ஒன்றும் மிச்சப்படுத்தாது. மத்திய அரசின் துணைச் சுகாதாரத் திட்டம் பதிவுபெற்ற முதற்குடியினருக்கும் இனுவிட்டுகளுக்கும் மருந்து, பல், கண் ஆகியவற்றுக்கான செலவில் உதவுகிறது. மளிகைச் சாமானுக்கு அது உதவாது. மெட்டிஸ் மக்களுக்கும், பதிவுத் தகுதி இல்லாதோருக்கும் அதுவும் கிடையாது.

இன்னொரு சிக்கல் சிறியதாகத் தோன்றினாலும் விளைவில் பெரியது. உத்தரவாதத் துணைத்தொகை தொடர்ந்து வர வேண்டுமானால் ஆண்டுதோறும் வருமான வரிப் படிவம் நிரப்ப வேண்டும். வாழ்நாள் முழுதும் வரிவிலக்கில் இருந்து, படிவமே நிரப்பாமல் பழகியவர் அதைச் செய்யாமல் விட்டுவிட்டால் மாதந்தோறும் வரவேண்டிய பணம் நின்றுவிடும். மதிய உணவுக்கு வந்தவரிடம் இதைக் கேட்டறிந்து, படிவம் நிரப்ப உதவும் ஊழியர் ஒருவர், பல பெட்டி உணவைவிட அதிக உணவை அவர் வீட்டுக்கு அனுப்பியவர் ஆகிறார். ரிசர்வுகளுக்கு வெளியே வாழும் பூர்வகுடி மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் உணவுப் பாதுகாப்பற்ற குடும்பத்தில் வாழ்கிறார் என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. முதியோர் ஓய்வூதியம் தொடங்கும் வயதில் அந்த விகிதம் குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிகிறது. கையில் வரும் பணமே முதல் உணவு உதவி.

உணவு உதவி எந்தெந்த வடிவங்களில் நடக்கிறது?

கூடியுண்ணும் மதிய உணவு, வீட்டுக்குக் கொண்டுசெல்லும் சமைத்த உணவு, உறையவைத்த உணவுப் பொட்டலங்கள், மாதம் ஒருமுறையோ இருமுறையோ தரப்படும் சாமான் பெட்டி, கடைக்கு வாகனத்தில் அழைத்துச்சென்று திரும்பக் கொண்டுவருவது, பருவ விருந்துகள் என்று பல வடிவங்கள் உண்டு. ஒன்ராறியோவில் இவற்றில் பெரும்பகுதியை நட்பு மையங்கள் நடத்துகின்றன. ஃபிரெண்ட்ஷிப் சென்டர் என்று அறியப்படும் இம்மையங்கள் 1950களில் நகரத்துக்கு வந்த பூர்வகுடி மக்கள் ஒருவரையொருவர் தேடிக் கூடிய மன்றங்களிலிருந்து வளர்ந்தவை. வின்னிபெக்கில் 1959இலும் ரொறன்ரோவில் 1962இலும் மையங்கள் நிறுவப்பட்டன. நாடளாவிய கூட்டமைப்பு 1972இல் உருவானது. ஒன்ராறியோவின் நட்பு மையங்கள் நடத்தும் வாழ்நாள் பராமரிப்புத் திட்டத்தில் கூட்டு உணவும் வாகன வசதியும் வீடு தேடிச் சென்று பேசிவருவதும் ஒரே ஊழியரின் பொறுப்பில் வருவதுண்டு. இந்த இணைப்புதான் அத்திட்டத்தின் பலம். உணவை வாசலில் வைத்துவிட்டுப் போகும் வாகனத்துக்கு, உள்ளே இருப்பவர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பது தெரியாது.

சாதாரண உணவு வங்கி போதாதா?

உணவு வங்கி தேவைதான். பலர் அங்கே போகவும் செய்கிறார்கள். ஆனால் அங்கே கிடைக்கும் மாவுப்பொருளும், உப்பு மிகுந்த டின் உணவும், இனிப்புச் சேர்த்த பழ டின்னும் நீரிழிவோடும் சிறுநீரக நோயோடும் வாழும் முதியவருக்கு நல்லவை அல்ல. பால் பலருக்குச் செரிக்காது. பற்கள் இல்லாதவரிடம் கடினமான ரொட்டியையும் அப்பிளையும் கொடுத்து என்ன பயன்? வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, வருமானம் சொல்லிப் பெற வேண்டிய இடமாக இருந்தால், அதிகாரிகளின் முன்னால் வாழ்நாளெல்லாம் அப்படி நின்றவர்கள் வராமலே இருந்துவிடுகிறார்கள்.

வதிவிடப் பாடசாலைகளுக்கும் இன்றைய சாப்பாட்டு மேசைக்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1990களின் பிற்பகுதிவரை, பெரும்பாலும் அரசின் நிதியில் தேவாலயங்கள் நடத்திய வதிவிடப் பாடசாலைகளில் 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள், பலர் பெற்றோரிடமிருந்து கட்டாயமாகப் பிரிக்கப்பட்டு, சேர்க்கப்பட்டார்கள். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2008 முதல் 2015 வரை திரட்டிய சாட்சியங்களில் பசி ஓயாமல் வருகிறது: புழுத்த கஞ்சி, கெட்டுப்போன இறைச்சி, வாந்தியெடுத்ததைத் திரும்பத் தின்னவைத்த தண்டனை, பண்ணையில் தாங்களே விளைவித்த நல்ல உணவு ஆசிரியர் மேசைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. 1942இல் வடக்கு மனிற்றோபாவின் முதற்குடி ஊர்களில் தொடங்கி, 1948 முதல் 1952 வரை ஆறு வதிவிடப் பாடசாலைகளில், மத்திய அரசின் ஆதரவோடு ஊட்டச்சத்து ஆய்வுகள் நடத்தப்பட்டன. பிள்ளைகள் ஊட்டமின்றி இருப்பது தெரிந்தும், அவர்களுக்கு முழு உணவு கொடுப்பதற்குப் பதிலாக, சிலருக்குச் சத்துமாத்திரை, சிலருக்கு ஒன்றுமில்லை என்று பிரித்து ஒப்பிட்டார்கள். ஒரு பாடசாலையில், ஒப்பீட்டுக்கான அடிப்படையை வகுப்பதற்காகப் பிள்ளைகளுக்கான பாலின் அளவை இரண்டு ஆண்டுகள் போதாத நிலையிலேயே வைத்திருந்தார்கள். ஈறு நோய் ஆய்வின் அளவுகோல் என்பதால் சில இடங்களில் பல் சிகிச்சையும் நிறுத்தப்பட்டது. வரலாற்றாய்வாளர் இயன் மொஸ்பி 2013இல் இதை வெளியிட்டபோதுதான் கனடா முழுதும் அறிந்தது. அந்தப் பாடசாலைகளில் அன்று ஏழு, எட்டு வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதுகளில் இருக்கிறார்கள். நகர அடுக்குமாடிகளில் நம் அயலவராகவும் இருக்கலாம்.

ஆகவே, தட்டேந்தி வரிசையில் நிற்கவைப்பது, மணியடித்துச் சாப்பிட அழைப்பது, எவ்வளவு வேண்டும் என்று கேட்காமல் அளந்து போடுவது, மிச்சம் வைத்தால் முகம் சுளிப்பது ஆகியவை நமக்கு ஒழுங்கான ஏற்பாடாகத் தோன்றினாலும் சிலருக்கு அந்தப் பாடசாலை உணவறையாகவே தோன்றும். அனுபவமுள்ள மையங்களில் முதியவரை உட்காரவைத்து, உணவை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சிலர் பொட்டலம் கட்டிக் கைப்பைக்குள் ஒளித்துவைப்பதைக் கண்டால், அடுத்த முறை அவர்களுக்கென ஒரு மூடிப்பெட்டியை முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கூட்டு விருந்தில் என்ன முறை பின்பற்றப்படுகிறது?

மக்களுக்கு மக்கள் முறை வேறுபடும். அனிஷினாபே, ஹோடினோஷோனி, கிறீ என்னும் முதற்குடி மக்களின் வழக்கங்கள் தம்முள் ஒன்றல்ல. மேற்குக் கரை வழக்கங்கள் வேறு. இனுவிட் வழக்கங்கள் முற்றிலும் வேறு. ஆனாலும் ஒன்ராறியோவின் பல மையங்களில் காணக்கூடியது இது: மூத்தோர் ஒருவர் தம் மொழியில் நன்றியுரைப்பார், சமைத்த ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்து முன்னோருக்கென ஒரு தட்டில் வைத்து, பின்னர் அதை வெளியே மரத்தடியிலோ நெருப்பிலோ சேர்ப்பார்கள், அதன்பின் மூத்தோருக்கு முதலில் பரிமாறப்படும், இளையோர் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பார்கள். நமக்குப் படையல் நினைவுக்கு வரும். அந்த நினைவு நல்லதுதான், ஆனால் அதை அங்கேயே எழுந்து சொல்லி, எங்களிடமும் இது உண்டு என்று விளக்கவுரை ஆற்றத் தொடங்கும் விருந்தினரை நான் கண்டதுண்டு, சாப்பாடு ஆறிப்போனது. ஒரு மூத்தோரிடம் பிரார்த்தனைக்கோ அறிவுரைக்கோ வேண்டுகோள் விடுக்கும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது அனிஷினாபே, கிறீ முதலியோரிடம் உள்ள மரபு. இனுவிட் மூத்தோரிடம் அந்த மரபு இல்லை. ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இவ்வாறு கூடுவதே ஒருகாலத்தில் குற்றமாக இருந்தது. மேற்குக் கரை மக்களின் பொட்லாட்ச் என்னும் கொடை விருந்தை இந்தியன் சட்டம் 1885 முதல் 1951 வரை தடைசெய்தது. நடத்தியவர்கள் சிறைக்குப் போனார்கள். பின்னர் சமவெளி மக்களின் சடங்குகள் சிலவும் அந்தத் தடைக்குள் கொண்டுவரப்பட்டன. கூட்டு விருந்தை ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சியாகக் கருதி, நிதி குறையும்போது முதலில் அதை வெட்டிவிட்டுச் சாமான் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளும் நிதியளிப்போர் இந்த வரலாற்றை அறியாதவர்கள் என்றே கருதுகிறேன். பெட்டி வயிற்றை நிரப்பும். ஆனால் 1951இல்தான் சட்டப்படி திரும்பக் கிடைத்த ஒன்றை அந்தப் பெட்டிக்குள் வைத்து அனுப்ப முடியாது.

என்ன சமைக்கிறார்கள்?

மான், மூஸ் இறைச்சி, வெள்ளைமீன், காட்டரிசி, பெரிப் பழங்கள், மூன்று சகோதரிகள் என்று ஹோடினோஷோனி மக்கள் கூறும் சோளம், அவரை, பூசணி ஆகியவை பெரிதும் விரும்பப்படுகின்றன. சோளச் சூப் தனிக் கவனத்துக்குரியது. வெள்ளைச் சோளத்தை மரச்சாம்பலிட்ட நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி, பலமுறை கழுவி, அவரையும் இறைச்சியும் சேர்த்து நீண்ட நேரம் கொதிக்கவைக்கிறார்கள். சாம்பல் நீர் சோளத்திலுள்ள நியாசின் சத்தை உடல் ஏற்கும்படி செய்கிறது. பல்லில்லாதவருக்கும் இதமானது, செய்ய ஒரு நாள் பிடிக்கும் என்பதால் தனியாக வாழ்பவர் யாரும் தனக்காக மட்டும் அதைச் செய்வதில்லை.

பனொக் என்னும் ரொட்டி எங்கும் உண்டு. நிலத்தையும் வேட்டையையும் இழந்த காலத்தில் பங்கீடாகக் கிடைத்த மாவையும் கொழுப்பையும் கொண்டு பரவிய உணவு அது என்பதும், நீரிழிவுக்கு உகந்ததல்ல என்பதும் மூத்தோருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தே விரும்பி உண்கிறார்கள். அதைத் தடைசெய்யாமல், பொரிப்பதற்குப் பதிலாகச் சூளையில் சுடுவது, துண்டைச் சிறிதாக்குவது போன்ற மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ளும் சமையற்காரர்கள் அறிவாளிகள்.

வேட்டை இறைச்சியை நகரச் சமையலறையில் பரிமாற முடியுமா?

கட்டுப்பாடுகளோடு முடியும். ஒன்ராறியோவில், அரசுப் பரிசோதனைக்கு உட்படாத வேட்டை இறைச்சியை உணவகம் விற்க முடியாது. தொண்டு நோக்கில் நடத்தப்படும் விருந்துகளுக்கு, உள்ளூர்ச் சுகாதாரப் பிரிவுக்கு முன்னறிவித்தல், உண்பவர்களுக்குத் தெரிவித்தல், மற்ற உணவோடு கலவாமல் கையாளுதல் போன்ற நிபந்தனைகளின்பேரில் இடமுண்டு. அதோடு, சமையலறை இயங்கும் நேரமெல்லாம் உணவு கையாளும் சான்றிதழ் பெற்ற ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். நடைமுறையில், வடக்கிலிருந்து மருமகனோ பேரனோ கொண்டுவரும் மூஸ் இறைச்சி உறைபெட்டிகளில் பகிரப்பட்டு வீடு வீடாகச் சமைக்கப்படுவதே அதிகம். கட்டடத்தில் ஒரு பெரிய உறைபெட்டி இருந்தாலே இந்தப் பகிர்வு எளிதாகும். விலை அதிகமில்லாத, பயன் மிகுந்த நன்கொடைகளில் அதுவும் ஒன்று.

ஒட்டாவாவில் இருக்கும் இனுவிட் முதியோரின் நிலை என்ன?

இனுவிட் தாயகத்துக்கு வெளியே அவர்கள் அதிகமாக வாழும் நகரம் ஒட்டாவா. 1987இல் தொடங்கிய துங்காசுவ்விங்கத் இனுவிட் என்னும் அமைப்பு அங்கே அவர்களுக்கான சேவைகளை நடத்துகிறது. அவர்கள் ஏங்குவது சீல், கரிபூ மான், ஆர்க்டிக் சார் மீன் ஆகியவற்றுக்கு. அவை இனுவிட் தாயகத்திலுள்ள நூனவூத்திலிருந்து விமானத்தில்தான் வர வேண்டும். தரையில் அட்டை விரித்து, உறைந்த இறைச்சியை நடுவில் வைத்து, ஊலு என்னும் பிறைவடிவக் கத்தியால் வெட்டிப் பச்சையாகவே கூடியுண்பது அவர்கள் வழக்கம். மேசையும் நாற்காலியும் நிறைந்த பொது அறையில் இதற்குத் தரையில் இடம் ஒதுக்கித்தர வேண்டும் என்பதை எந்தக் கட்டட வடிவமைப்பாளரும் தானாக நினைப்பதில்லை.

உணவைத் தவிர வேறென்ன நடக்கிறது?

மணி கோத்தல், மேள வட்டம், மொழி மேசை, மருந்துச் செடி நடை, பள்ளிக்கூடங்களுக்குச் சென்று பேசுதல், இவற்றுக்கெல்லாம் மேலாகப் பிங்கோ. பிங்கோவைக் கேலி செய்யக் கூடாது; மொழி வகுப்புக்கு வராதவர்களையும் வீட்டுக்கு வெளியே வரவைப்பது அதுதான்.

சேஜ், சீடர், இனிப்புப்புல், புகையிலை ஆகிய செடிகளை எரித்து அந்தப் புகையால் தூய்மை செய்யும் சடங்கு அடுக்குமாடிகளில் அடிக்கடி சர்ச்சையாகிறது. ஒன்ராறியோவின் 2017ஆம் ஆண்டுப் புகையற்ற சூழல் சட்டம், பூர்வகுடி மக்களின் மரபுவழிப் புகையிலைப் பயன்பாட்டுக்கு விலக்களிக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மனித உரிமைத் தீர்ப்பாயம், இச்சடங்கைக் காரணம் காட்டிப் பூர்வகுடிப் பெண் ஒருவரை வெளியேற்ற முயன்ற வீட்டுக்காரர் பாகுபாடு காட்டினார் என்று 2020இல் தீர்ப்பளித்து, நட்டஈடும் வழங்கச் சொன்னது. பூர்வகுடி நிறுவனங்களின் கட்டடங்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. முதியோர் அங்கே காத்திருப்புப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பேரப்பிள்ளைகள் கூட இருந்தால்?

பலர் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். ஒருவருக்கெனக் கொடுத்த உணவு மூன்று பேருக்குப் பகிரப்படும். அதிலும் பாட்டி கடைசியாகத்தான் உண்பார். ஒருவர் பெயருக்கு ஒரு பொட்டலம் என்று கணக்குப் பார்க்கும் திட்டங்கள் இங்கே தோற்கின்றன. வீட்டில் எத்தனை பேர் என்று வெளிப்படையாகக் கேட்டாலும் உண்மையான பதில் வராது. அனுமதியின்றி விருந்தினரைத் தங்கவைத்தால் வீடே பறிபோகும் என்ற பயமும், குழந்தைநலத் துறையின் பழைய நினைவுகளும் வாயைக் கட்டிவிடும். எத்தனை கரண்டி வேண்டும் என்று கேட்டால் போதும்.

இதற்கெல்லாம் பணம் யார் தருகிறார்கள்?

தொல்லையே இங்குதான். ரிசர்வில் வாழ்வோர் தன் பொறுப்பு என்று மத்திய அரசும், பூர்வகுடி மக்கள் மத்திய அரசின் பொறுப்பு என்று மாகாணங்களும் நீண்டகாலம் சொல்லிவந்ததால், நகரவாசிகள் நடுவில் விடப்பட்டார்கள். மெட்டிஸ் மக்களும் பதிவுத் தகுதி இல்லாத முதற்குடியினரும் மத்திய அரசின் சட்டமியற்றும் வரம்புக்குள் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2016இல்தான் தெளிவாக்கியது. நகரப் பூர்வகுடி வீடுகளுக்கான மத்திய திட்டம் 1970களில் வளர்ந்தது. 1993இல் புதிய சமூக வீடுகளுக்கான மத்திய நிதி நிறுத்தப்பட்டது. 2020 மார்ச்சில் கொவிட் காலத்துக்கென மத்திய அரசு அறிவித்த 305 மில்லியன் டொலர் பூர்வகுடி நிதியில், நகர அமைப்புகளுக்கு முதலில் ஒதுக்கியது 15 மில்லியன் மட்டுமே. பூர்வகுடி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரிசர்வுக்கு வெளியே வாழும் நாட்டில் நடந்த பங்கீடு அது. பொது உணவறைகள் மூடப்பட்டு, கதவு கதவாக உணவு கொண்டுசெல்ல வேண்டியிருந்த அதே மாதங்களில் இது நடந்தது. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் நகர, கிராம, வடபகுதிப் பூர்வகுடி வீடுகளுக்கென ஏழு ஆண்டுகளுக்கு 4 பில்லியன் டொலர் அறிவிக்கப்பட்டது. அது வீட்டுக்கானது, பொது அறையில் கொதிக்கும் சூப்புக்கு இன்னமும் ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதித்தான் பணம் பெற வேண்டும்.

தமிழ்ச் சங்கங்கள் எவ்வாறு உதவலாம்?

முதலில் தொலைபேசியில் கேளுங்கள். நட்பு மையத்தையோ வீட்டு நிறுவனத்தையோ அழைத்து, உங்களுக்கு எது குறைவாக இருக்கிறது என்று கேட்டால் நேரடியான பதில் கிடைக்கும்: பெரும்பாலும் பணம், ஓட்டுநர், பாத்திரம் கழுவ ஆள். பூர்வகுடி மக்கள் தினமான யூன் 21க்கும், உண்மை மற்றும் நல்லிணக்க தினமான செப்டெம்பர் 30க்கும் தொண்டர்கள் நிறைய வருகிறார்கள். பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்கு யாரும் வருவதில்லை. ஆண்டுக்கு ஒரு பெரிய விருந்தை நாமே நடத்துவதைவிட, அவர்கள் நடத்தும் மதிய உணவுக்குப் பனிக்கால மாதங்களில் இருவர் தவறாமல் போய் நிற்பது மேல்.

போகும்போது எந்தப் பாடசாலையில் படித்தீர்கள் என்று கேட்க வேண்டாம். பிரார்த்தனையையும் மேளத்தையும் படமெடுக்க வேண்டாம். பதாகை பிடித்துக் கூட்டாகப் படமெடுக்கும் நம் வழக்கத்தை அந்த ஒரு நாளைக்காவது வீட்டில் விட்டுச்செல்லலாம்.

நம் உணவைச் சமைத்துக் கொண்டுபோகலாமா?

அழைத்தால் கொண்டுபோகலாம், விரும்பி உண்பவர்களும் உண்டு. உறைப்பைக் குறைக்க வேண்டும். வெள்ளைச் சோற்றைக் குவித்து, கூடவே இனிப்பும் வைக்கும் நம் பந்தி முறை, நீரிழிவு உள்ளவர்கள் நிறைந்த அறைக்கு ஏற்றதல்ல. மீன் குழம்பு, பருப்பு, பூசணிக்கறி, அவித்த கீரை ஆகியவை பொருந்தும். சிறுநீரக நோயாளருக்குப் பருப்பும் கீரையும்கூட அளவாக இருக்க வேண்டும் என்பதால், உணவின் சேர்மானங்களை எழுதிக் கொடுத்தால் மையத்து ஊழியர் யாருக்கு எது என்று பார்த்துக்கொள்வார்.

கீழே வராதவர்களுக்கு என்ன செய்கிறார்கள்?

எந்தக் கட்டடத்திலும் பொது அறைக்கு வராத சிலர் இருப்பார்கள். கால் வலி, துக்கம், குடிப்பழக்கம், பழைய பகை, அல்லது கூட்டமே பிடிக்காத குணம் காரணமாக இருக்கலாம். நல்ல மையங்களில் அவர்களுக்கு உணவு மேலே போகிறது. கொண்டுபோகிறவர் பெரும்பாலும் அதே மாடியில் வாழும் இன்னொரு முதியவர். கதவு திறக்கப்படாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் தொண்டரை இந்த வேலைக்கு அனுப்புவதில்லை. புதியவர் தட்டினால் கதவு திறப்பது அரிது. தொண்டராகப் போகிறவர்கள் இதைத் தங்கள்மேல் வைத்த அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாமல், கீழே பொட்டலங்களைக் கட்டி, பெயர் எழுதி, மின்தூக்கிவரை தூக்கிக் கொடுத்தால் அந்த வேலை விரைவாக நடக்கும்.